சாக்குத்துணி மூலை

பிப்ரவரி 11

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள். நாற்பத்தொரு வயதுக்காரியை இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிறாரே என்று மாப்பிள்ளை சிரித்ததாகச் சொன்னாய். சிரிக்கட்டும். உறையின் மேல் உன் முழுப்பெயரையும் பதவியையும் எழுதியிருக்கிறேன். உள்ளே எழுதுவது என் இஷ்டம்.

போனில் 'நல்லா இருக்கேன்' என்று சொல்லி வைத்துவிடுகிறேன், எழுதினால்தான் நாலு விஷயம் தெரிகிறது என்று நீதான் கடிதம் கேட்டாய். இதோ ஒரு விஷயம். புதிதாக ஒரு வேலை பிடித்திருக்கிறேன். ஒட்டுத்துணி குஷன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

முப்பத்துமூன்று வருஷம் தெருவுக்கு அடியில் ஓடும் தண்ணீர்க் குழாய்களை வரைந்தவன் நான். ஒரு குஷன் அதைவிடக் கஷ்டமா என்று இறங்கினேன். கஷ்டம்தான். பதினெட்டு அங்குலச் சதுரம். கிராஃப் தாளில் தடித்த மார்க்கரால் பதினாறு கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எந்தத் துணி என்று குறித்துக் கொடுப்பேன். தைப்பது தெருமுனை டெய்லரம்மா. முதல் உறையில் தையலுக்கு என்று அரை அங்குலம் கூடுதலாக விட வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். பதினெட்டு அங்குலம் பதினான்காகச் சுருங்கி வந்தது. டெய்லரம்மா அதை என் தலையில் கவிழ்த்துப் பார்த்து, "சார், தொப்பி அளவு சரியா இருக்கு" என்றார்.

சாப்பாட்டு மேசையைக் கொடுத்துவிட்டேன். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒருவனுக்கு எதற்கு அவ்வளவு பெரிய மேசை? நாற்காலிகள் ஆறும் இருக்கின்றன. ஆறுக்கும் ஆறு குஷன். என் பழைய கார்டுராய் பேன்ட், குடைத்துணி, அம்மாவின் கம்பளிக் கோட்டு, சாக்கு, எதையும் விடவில்லை. நான்கு முடிந்துவிட்டன. படம் வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா


பிப்ரவரி 24

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் படமும் கிடைத்தன. நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பதில் எனக்கு நிம்மதி. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி வருவதெல்லாம் கேள்வி.

நாள் முழுக்க இழப்பீட்டு விண்ணப்பங்களோடு வரும் படங்களைப் பார்க்கிறவள் நான். எரிந்த கடை, நொறுங்கிய கார், நனைந்த கிடங்கு. படத்தில் எது இருக்கிறது என்பதைவிட எது இருக்கக் கூடாது என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். உங்கள் படத்தை மேசை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன்.

ஆரஞ்சுக்குப் பக்கத்தில் ரோஜா நிறம். அதற்குப் பக்கத்தில் ஊதா. என் கல்யாணத்தில் திரையின் நிறம் பொருந்தவில்லை என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர் நீங்கள். இந்தக் குஷனை நீங்கள் வடிவமைத்தீர்கள் என்றால் என்னால் நம்ப முடியவில்லை. பச்சை வெல்வெட் நம் வீட்டில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஒவ்வொரு குஷனிலும் ஒரு மூலையில் மட்டும் முக்கோணமாகச் சாக்குத்துணி. கடைக்காரர்கள் தங்கள் சரக்குக்கு இப்படி ஓர் அடையாளம் வைப்பார்கள்.

அலமாரிக் கண்ணாடியில் படம் எடுத்தவரின் முழங்கை தெரிகிறது. கடிகாரம் கட்டிய பெண் கை.

நாற்காலிகள் ஏன் வீடு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன? சமையலறைக்கு இறங்கும் மூன்று படிக்குப் பக்கத்தில் யார் நாற்காலி போடுவார்கள்? அப்படி யாரெல்லாம் வந்து உட்காருகிறார்கள்?

"உங்கப்பா குஷன் தைச்சா நீ அதுக்கும் ஒரு ஃபைல் போடுறியே" என்கிறார் உங்கள் மாப்பிள்ளை. கோபித்துக்கொள்ளாதீர்கள். பதில் மட்டும் எழுதுங்கள்.

அன்பு மகள்,
பாப்பா


மார்ச் 8

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கேள்வித்தாள் வந்தது. நல்ல வேளை, மதிப்பெண் எத்தனை என்று போடவில்லை.

பச்சை வெல்வெட் டெய்லரம்மாவின் வெட்டுத்துணி மூட்டையிலிருந்து வந்தது. முழங்கையும் அவருடையதுதான். மருந்துக்கடைக்குக் கீழே, நாலு படி இறங்கினால் அவர் கடை. இரண்டு மெஷின், ஒரு இஸ்திரி மேசை, கூரை வரை துணி. உன் அம்மாவுக்கு ரவிக்கை தைத்தவர்தான். உனக்கு நினைவிருக்காது, நீ அப்போதே வேலைக்குப் போய்விட்டாய். செவ்வாய்தோறும் பத்து மணிக்கு அங்கே போவேன். மூட்டையைப் பிரித்துத் துணி பொறுக்கி முடிக்கப் பதினொன்றரை ஆகிவிடும். அவர் தடவிப் பார்த்தே இது பருத்தி, இது கலப்பு என்று சொல்லிவிடுகிறார். எனக்கும் இப்போது பாதி பழகிவிட்டது.

நிறத்தைப் பற்றிக் கேட்டாய். அறுபத்தொன்பது வயது வரை எல்லாம் பொருந்தப் பொருந்த வைத்துப் பார்த்தாகிவிட்டது. அலுத்துவிட்டது.

துணி வருவதும் போவதுமாக இருப்பதால் அவரிடம் ஒரு சாவி கொடுத்திருக்கிறேன். அம்மா வைத்திருந்த சாவி. நீயே கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட்டேன், பார்த்தாயா?

உன்னிடம் பழைய ஜமக்காளம் ஏதாவது கிடந்தால் அனுப்பு. முரடாக இருந்தால் நல்லது.

அன்புடன்,
அப்பா


மார்ச் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜமக்காளம் தனிப் பார்சலில் வருகிறது.

நான் ஐந்து விஷயம் கேட்டேன். வெல்வெட்டுக்கும் முழங்கைக்கும் பதில் வந்தது. நிறத்துக்கு வந்தது பதில் இல்லை, நகைச்சுவை. நாற்காலிகளைப் பற்றியும் சாக்கு மூலையைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. கேட்காத சாவியைப் பற்றி மட்டும் நீங்களாகச் சொல்கிறீர்கள். எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு கடிதம் வந்தால் அதை மேலதிகாரியின் மேசைக்கு அனுப்பிவிடுவோம்.

உங்கள் எழுத்தும் மாறியிருக்கிறது. முன்பு கடுகு கடுகாக எழுதுவீர்கள். இப்போது ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் அளவு. கொம்பும் சுழியும் மேலே கத்தரித்த மாதிரி ஒரே கோட்டில் நிற்கின்றன. யாரோ பக்கத்தில் நின்று எழுத வைக்கிறார்களோ என்றுகூட நினைத்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நினைத்தேன்.

நேராகவே கேட்கிறேன். அந்த அம்மாவுக்கு நம் வீட்டின் மேல் கண் இருக்கிறதா? நீங்கள் அவரோடு சேர்ந்து வாழ விரும்பினால் சொல்லுங்கள். நான் குறுக்கே நிற்க மாட்டேன். எனக்குப் பயமெல்லாம் ஒன்றும் சொல்லாமல் நடக்கும் காரியங்களைப் பற்றித்தான். தனியாக இருக்கும் வயதானவர், ஒரு சாவி, வாரம் ஒருநாள் வருகை, பிறகு ஒரு கையெழுத்து. இந்த வரிசையில் எத்தனை கதைகளைப் படித்திருப்பேன் தெரியுமா? வீட்டுப் பத்திரம் பழைய இடத்தில்தான் இருக்கிறதா?

அம்மா இறந்த வாரத்தில் நீங்கள் எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தீர்கள். தனியாகச் சமாளிக்க முடியாத நாள் வந்தால் வீட்டை விற்றுவிட்டு என்னிடம் வந்துவிடுவேன் என்று. வெளியார் கையில் சாவியைக் கொடுத்திருக்கிறீர்கள் என்றால் அந்த நாள் வந்துவிட்டதா?

அன்பு மகள்,
பாப்பா


ஏப்ரல் 2

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை கேட்டேன். இரண்டாம் முறை கேட்டிருக்க வேண்டாம்.

பத்திரம் என் எழுதுமேசையின் இரண்டாவது இழுப்பறையில், பழுப்பு உறையில், நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது. என்னை யாரும் எழுத வைக்கவில்லை. அந்த நாள் வரவில்லை. வந்தால் நானே சொல்வேன்.

ஜமக்காளம் வந்தது. ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் அதுதான். தைக்கும்போது மெஷின் ஊசி இரண்டு உடைந்தது என்று டெய்லரம்மா உன்னிடம் சொல்லச் சொன்னார்.

அப்பா


ஏப்ரல் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

போன கடிதத்தில் அளவுக்கு மீறி எழுதிவிட்டேன். இனி பத்திரத்தைப் பற்றிக் கேட்க மாட்டேன். உங்கள் வார்த்தையை நம்புகிறேன். இந்த வாரம் அலுவலக வேலையாக ஒரு நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. அதனால்தான் தாமதம். இங்கே வேறு விசேஷம் இல்லை.

ஆறு குஷனும் முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நன்றாகத்தான் இருக்கும்.

அன்பு மகள்,
பாப்பா


ஏப்ரல் 22

அன்புள்ள பாப்பாவுக்கு,

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று விளக்கின் கீழ் கொண்டுபோகாதே. நான் சொல்லச் சொல்ல எழுதுவது இந்த வார்டு நர்ஸம்மா. வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். எலும்பு முறிவு. நெற்றியில் ஐந்து தையல். பயப்பட ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போனில் சொல்லியிருந்தால் அன்றைக்கே கிளம்பி வந்திருப்பாய். எனக்கு யோசிக்க இத்தனை நாள் வேண்டியிருந்தது. உன் 16ஆம் தேதிக் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்தார், நர்ஸம்மா வாசித்தார்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். எட்டு மாதமாக எனக்கு நடுப்பார்வை இல்லை. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறை நிற்கிறது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சமும் அசைவும் தெரியும். வரிவரியாகத் துளை வெட்டிய அட்டையைத் தாளின் மேல் வைத்துத்தான் உனக்கு எழுதிவந்தேன். கண் டாக்டர் இனி திரும்பாது என்று சொல்லிவிட்டார். உன்னிடம் சொன்னால் வாக்கைக் கேட்பாய், வீடு போய்விடும். எனக்கு அந்த வீட்டில் எந்தப் பலகை எப்படி முனகும் என்று தெரியும். உன் நாலாவது மாடியில் எனக்கு என்ன தெரியும்?

அதனால்தான் குஷன். நாற்காலிகள் ஆறும் ஒரே அச்சு, தடவினால் வித்தியாசம் தெரியாது. சுவரோரமாக நான் நடக்கும் வழியில் அவற்றை வைத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு குஷனைச் சாய்த்தேன். நிறம் எப்படியோ, கை படும் மேல்வரிசை மட்டும் ஒவ்வொன்றிலும் ஒரே துணி. போகிற போக்கில் கை வைத்தால் எங்கே நிற்கிறேன் என்று தெரியும். வரிவரியாகத் தடித்த கார்டுராய் என்றால் வாசல். குடைத்துணி போன் பக்கம். வெல்வெட் ஜன்னல், அதற்கு அப்பால் சமதரை, தைரியமாக நடக்கலாம். அம்மாவின் கோட்டு படுக்கையறை. உன் ஜமக்காளத்தில் சன்னமான பக்கம் குளியலறைக்கு, முரட்டுப் பக்கம் சமையலறைப் படிக்கு. முரடு பட்டால் நின்றுவிட வேண்டும், அடுத்த அடி பள்ளம். சாக்கு மூலை எப்போதும் வாசல் இருக்கும் திசையில். வரைபடத்தில் வடக்கைக் குறிக்காமல் நான் எதையும் வரைந்ததில்லையே.

13ஆம் தேதி செவ்வாய்க்கிழமை தையல் கடையிலிருந்து திரும்பினேன். கதவு பூட்டியபடியே இருந்தது. வாசலில் கார்டுராய்க்குப் பதில் குடைத்துணி கையில் வழுக்கியது. மறதியாகப் பாதி வீடு தாண்டிவிட்டேனோ என்று குழம்பி, இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ள அடுத்த நாற்காலியைத் தேடினேன். கையில் வெல்வெட் பட்டது. ஜன்னல் என்று நினைத்துக் காலை எடுத்து வைத்தேன். மூன்று படியும் ஒரே அடியாகப் போனது.

யாரோ வீட்டுக்குள் வந்து குஷன்களை மாற்றியிருக்கிறார்கள். சாவி மூன்று பேரிடம்தான் இருக்கிறது. ஒன்று என்னிடம். ஒன்று உன்னிடம், நீ வந்திருந்தால் என்னைப் பார்க்காமல், ஒரு வாய் சாப்பிடாமல் போவாயா? மிச்சம் டெய்லரம்மா. நான் கடையிலிருந்த நேரத்தில் அவர் பட்டன் வாங்க அரைமணி நேரம் வெளியே போயிருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதற்கு முன் வந்த உன் கடிதங்களையெல்லாம் எனக்கு வாசித்தது டெய்லரம்மாதான். தன்னைப் பற்றி நீ எழுதியதையும் ஒரு சொல் விடாமல் வாசித்தார். 'வீட்டின் மேல் கண்' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்கினார். அந்த வருத்தத்தில் செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. நேராகவே கேட்டுவிட்டேன்.

"நான் தைச்ச உறை சார். எது எங்க இருக்கணும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்" என்றார்.

அது தெரிந்தவரால்தானே மாற்ற முடியும் என்றேன். அவர் எழுந்தார். சாவியை என் தலைமாட்டில் வைத்தார். கட்டிலுக்கு அடியில் கிடந்த என் செருப்பை, நான் காலை இறக்கினால் படும்படி நேராக வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு வரவில்லை.

நீ சொன்னது சரியாகப் போய்விட்டது. அந்த நாளும் வந்துவிட்டது. வந்து என்னை அழைத்துப் போ. வீட்டுக்கு ஆள் பார்க்கச் சொல்லலாம். நாற்காலிகளை யாருக்காவது கொடுத்துவிடலாம்.

அப்பா

(சார் இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னார். நான் எதையும் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை. நர்ஸ்.)


ஏப்ரல் 26

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை. மருந்துக்கடைக்குக் கீழே உள்ள தையல் கடைக்கு அனுப்புகிறேன். இது உங்கள் காதில் விழுகிறது என்றால், அவர் இதை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுப் படி ஏறியிருக்கிறார் என்று அர்த்தம். அவர் முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.

குஷன்களை மாற்றியது நான்.

13ஆம் தேதி அதிகாலை ரயில் ஏறி, பத்தேகாலுக்கு நம் தெருமுனையில் இறங்கினேன். செவ்வாய் பத்து மணிக்கு வீட்டில் இருக்க மாட்டீர்கள் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். அதற்காகத்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். என் சாவியால் திறந்து உள்ளே போனேன். இழுப்பறையைப் பார்த்தேன். பத்திரம் பழுப்பு உறையில் அப்படியே இருந்தது. அதோடு திரும்பியிருக்க வேண்டும். எதுவும் கிடைக்கவில்லை என்றால் இன்னும் ஆழமாகத் தேடு என்பது என் தொழில் புத்தி. ஆறு குஷனையும் முன்னறைத் தரையில் குவித்து, ஒவ்வொன்றின் ஜிப்பையும் திறந்து பஞ்சுக்குள் கைவிட்டேன். ஏதாவது காகிதம் இருக்கும் என்று. பஞ்சுதான் இருந்தது. உறையின் உள்தையலைப் பார்த்தேன். பிசிறு ஒன்றுகூட இல்லாமல் இரட்டைத் தையல் போட்டிருந்தது. ஏமாற்ற நினைக்கிறவர் உள்பக்கத்தை இவ்வளவு சுத்தமாகத் தைக்க மாட்டார் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அந்த நிமிடத்தை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பதினொன்றேகாலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக் கேட் சத்தம் கேட்டது. நீங்கள் என்று நினைத்து அவசரமாகத் திரும்ப வைத்தேன். எது எங்கே இருந்தது என்று நினைவில்லை. சுவருக்கும் திரைக்கும் எது பொருந்துகிறதோ அதை அங்கே வைத்தேன். பச்சை வெல்வெட் சமையலறை ஓடுகளின் நிறத்துக்கு எடுப்பாக இருந்தது. இப்போதுதான் பார்க்க நன்றாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன், அப்பா. பார்க்க.

முன்கதவை உள்ளிருந்தே சாவியால் பூட்டி, பின்வாசல் வழியாக வெளியேறி, அதையும் பூட்டி, மதிய ரயிலைப் பிடித்தேன். சாப்பிடவில்லை. வெளியூர் வேலை என்று உங்களுக்கு நான் எழுதியது இதைத்தான்.

எங்கள் அலுவலகத்தில் இழப்பு என்று ஒரு விண்ணப்பம் வந்தால், இதனால் லாபம் யாருக்கு என்றுதான் முதலில் கேட்போம். உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன். லாபம் எனக்கு. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் நீங்கள் என்னிடம் வந்துவிடுவீர்கள், எனக்குப் பிடிக்காதவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், வீடும் கையில் இருக்கிறது. ஒருநாள் முழுக்க இதைச் சொல்லாமலே இருந்துவிடலாமா என்று யோசித்தவள் உங்கள் மகள். அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

'கேட்டேன்' என்று நீங்கள் ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதற்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். பெரிய எழுத்து, பொருந்தாத நிறம், முரட்டுத்துணி, படிக்குப் பக்கத்தில் நாற்காலி, எல்லாவற்றுக்கும் கோடு போட்டேன். எல்லாக் கோட்டையும் சேர்த்து வேறு ஒருவரை நோக்கி இழுத்தேன். உங்கள் கண்ணை நான் யோசிக்கவே இல்லை.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் 'போகட்டும் விடு' என்று அந்த நிமிடமே மன்னித்துவிடுவீர்கள். அவர் இல்லாத இடத்தில் எனக்கு அந்த மன்னிப்பு வேண்டாம்.

வாசிக்கும் உங்களுக்கு: உங்களை எப்படி அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, நான் உங்களைச் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. உங்கள் முழங்கையைத் தவிர. நான் எழுதியதையெல்லாம் உங்கள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டேன். இதையும் ஒரு சொல் விடாமல் வாசியுங்கள். அப்பா உங்களைச் சந்தேகப்பட்டது என் கடிதங்கள் சொல்லிக்கொடுத்த சந்தேகம். அவரிடம் அப்படி ஒரு புத்தி முன்பு இருந்ததில்லை.

எதையும் தொடுவதற்கு முன் படம் எடுப்பது என் வழக்கம். அன்றும் எடுத்தேன். வைக்கும்போது திறந்து பார்க்கத்தான் தோன்றவில்லை. அந்த ஆறு படங்களும் இந்த உறையில் இருக்கின்றன. சாக்கு மூலை எந்தப் பக்கம் இருந்தது என்பதும் அவற்றில் தெரிகிறது. உங்களுக்குத் தேவைப்படாது என்று தெரியும். இருந்தாலும், தயவுசெய்து முரட்டு ஜமக்காளத்தை முதலில் படிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பிறகு அப்பாவை எழுந்திருக்கச் சொல்லுங்கள்.

அப்பா, நீங்கள் சமாளிக்க முடியாமல் விழவில்லை. எட்டு மாதம் சமாளித்தீர்கள். நான் வந்தேன், விழுந்தீர்கள். அந்த நாள் வரவில்லை. வாக்கை நான் திருப்பிக் கொடுக்கிறேன். வீட்டுக்கு ஆள் பார்க்க வேண்டாம்.

படங்களோடு ஒரு சாவியும் இருக்கிறது. அது என்னுடையது. உங்கள் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போன சாவியை அவர் திரும்ப வாங்கிக்கொள்வாரோ என்னவோ. இதையாவது அவர் வைத்துக்கொள்ளட்டும், அல்லது வேண்டாம் என்று உங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போகட்டும். அவர் இஷ்டம்.

சனிக்கிழமை பத்தேகாலுக்கு வந்துவிடுவேன். மணியை அடித்துவிட்டு, யாராவது திறக்கும்வரை வாசலிலேயே நிற்பேன்.

பாப்பா